வாங்காமல் விட்ட தீவு

எனக்கு உட்காரத் தெரியாது. வளைகுடாவில் வேலை பார்த்த காலம் முழுக்க நின்றே கழித்தவன். ஷார்ஜாவில் நான் இருந்த கடையில் கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி கிடையாது. இருந்த ஒன்றையும் எங்கள் மேனேஜர் கிடங்கில் தூக்கிப் போட்டுவிட்டார். இப்போது கீழக்கரையில் வீட்டோடு இருக்கிறேன். மனைவி ஈஸி சேர் வாங்கிப் போட்டிருக்கிறாள். அதில் சாய்ந்த கொஞ்ச நேரத்தில் கால் தானாக ஆட ஆரம்பிக்கிறது. எழுந்து போய் கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன். மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கிறேன். பிறகு பஸ் ஏறி ராமநாதபுரம் போய், கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றி, ஒன்றும் வாங்காமல் திரும்பி வருகிறேன். "சும்மா இருக்கவே மாட்டீங்களா?" என்கிறாள். சும்மா இருப்பதற்கு எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

நான் விற்றது வீடியோ கேம். எங்கள் ஊரில் தங்கம் விற்றவர், துணி விற்றவர், கப்பல் சாமான் விற்றவர் எல்லாம் உண்டு. "ஜலாலு வெளிநாட்டுல விளையாட்டுச் சாமான் விக்கிறாராம்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவர்களின் பிள்ளைகள்தான் இப்போது போன் போடுகிறார்கள். அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம். "காக்கா, புது டிஎல்சி வந்திருக்கு. வாங்கலாமா, வேணாமா?" விளையாட்டை வாங்கிய பிறகு, அதே விளையாட்டுக்கு மேற்கொண்டு காசு கொடுத்து நெட்டில் இறக்கிக்கொள்ளும் கூடுதல் சரக்குக்குத்தான் டிஎல்சி என்று பெயர். புதிய சட்டையாக இருக்கலாம், புதிய கத்தியாக இருக்கலாம், கதையில் ஒரு புதிய பாகமாக இருக்கலாம், ஆடுவதற்குப் புதிய இடமாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் இதைக் கடையில் கார்டாக விற்போம். கார்டைச் சுரண்டினால் ஒரு எண் வரும். அதை டிவியோடு மாட்டி ஆடும் மெஷினில் அடித்தால் சரக்கு இறங்கும்.

இப்போது கார்டும் இல்லை, கடையும் இல்லை. நாங்கள் விற்ற பழைய மெஷினுக்கான நெட் கடையையே மூடப் போகிறார்கள் என்று சமீபத்தில் செய்தி வந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்கு. பாதியை நின்றுகொண்டேதான் எழுதினேன்.

கேட்கிறவர்களுக்கு முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சட்டை, தொப்பி, பளபளக்கும் கத்தி இதெல்லாம் வேண்டவே வேண்டாம். இரண்டு நாளில் உங்கள் கண்ணுக்கே பழகிப்போகும். விளையாட்டு வெளிவரும் முன்பே "இனி வரப்போகிற எல்லாவற்றுக்கும் சேர்த்து" என்று விற்கிறார்களே சீசன் பாஸ், அது அடுப்பே பற்றவைக்காத பிரியாணிக்கு டோக்கன் வாங்குகிற கதை. கதையின் முடிவை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு தனியாக விற்கிறவனைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும். முதல் விளையாட்டை ஆசை தீர ஆடி முடித்து, "இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்குமே" என்று ஏங்குகிறவனுக்கு நல்ல பெரிய கூடுதல் பாகம் ஒன்று வந்தால், தாராளமாக வாங்கலாம். அவசரம் இல்லையென்றால் பொறுத்திருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் குறைந்த விலைக்கு அவர்களே கொண்டுவருவார்கள். இவ்வளவுதான் என் தொழில் ஞானம். இதுவும் என்னுடையது இல்லை, மிக்கேல் அண்ணனுடையது.

துணிக்கடையில் மடித்து, வாட்ச் கடையில் துடைத்து, எலக்ட்ரானிக்ஸ் கடையில் பெட்டி தூக்கி, கடைசியில்தான் நான் கேம் கடைக்கு வந்து சேர்ந்தேன். மேனேஜர் மிக்கேல் பாம்பன்காரர். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் படகில் ஏறினால் குமட்டும். "அதான் பிளைட் ஏறிட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. "பாத்துக்கிட்டே நில்லு" என்றார். நின்றேன்.

புது டிஎல்சி எது வந்தாலும் கடையில் இருந்த மெஷினில் முதலில் அவரே இறக்கி, ஆடி முடிப்பார். முடிக்கும்வரை அந்தக் கார்டை அலமாரியில் மாட்டவிட மாட்டார். ஆடும்போது முகத்தில் சந்தோஷம் எதுவும் இருக்காது. ஏலத்துக்கு முன்னால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவரைப் போல இருப்பார். நான் பின்னால் நின்று காலை மாற்றி மாற்றி வைப்பேன். வாசலில் ஆட்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

"முடிஞ்சுதா அண்ணே?"

"ஏலே, நீ போயி அங்கன நில்லுலே. ஒன் மூச்சுச் சத்தம் காதுல விழுது."

விற்கும்போது அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்ட கார்டை எடுத்து மேசையில் வைப்பார். அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொள்வார். பிறகு மூன்று கேள்விகள். கையில் இருக்கும் விளையாட்டை முடித்தாயிற்றா? இதை யாரோடு ஆடப் போகிறீர்கள்? உங்கள் கேம் டிஸ்க் எந்த ஊர்? பதில் திருப்தியாக இருந்தால் கை எடுபடும். இல்லையென்றால் கார்டு அலமாரிக்கே திரும்பிப் போகும். காசை நீட்டிக்கொண்டு நிற்கிற ஆளைத் திருப்பி அனுப்புகிற மேனேஜரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதலாளிக்கு இது பிடிக்காது. ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அடுத்த மாதம் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்ததால் அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த மூன்றாவது கேள்வி எங்கள் ஊர்க்காரர்களுக்காகவே வந்தது என்று சொல்லலாம். அந்த மெஷின்களில் ஒரு ஏற்பாடு இருந்தது. எந்த நாட்டுக்கு என்று டிஸ்க் அடித்தார்களோ, அந்த நாட்டுக் கடையில் வாங்கிய டிஎல்சிதான் அதோடு சேரும். ஒரே நாட்டில் பிறந்து, ஒரே கடையில் வாங்குகிறவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எங்கள் வீடுகள் அப்படியா? மெஷின் துபாயிலிருந்து வாப்பா கொண்டுவந்தது. டிஸ்க் மலேசியாவிலிருந்து மாமா கொடுத்துவிட்டது. ரிமோட் சிங்கப்பூர். கணக்கு சவூதியில் இருக்கும் பெரியவாப்பா பெயரில். ஏர்வாடியில் ஒரு டிவிக்குக் கீழே நாலு தேசம் உட்கார்ந்திருக்கும். அவை ஒன்றோடொன்று பேசாது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றாது. எல்லாமே வெளிநாட்டுச் சாமான்தானே!

சதக்கத்துல்லா அப்படித்தான் மாட்டினார்.

சதக் ஏர்வாடிக்காரர். ஷார்ஜாவில் தண்ணீர் லாரி ஓட்டினார். என்னைவிட இளையவர். விளையாட்டு ஆசை கொண்டவர் என்று அவரைப் பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். நாலு பேர் தங்கியிருந்த அறையில் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டதும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அங்கே ஏர்வாடியில், பள்ளிக்கூடம் விட்டு வந்த அவர் மகன் அஸ்லம் உட்கார்ந்திருப்பான். இரண்டு பேரும் சேர்ந்து காட்டிலும் சதுப்பிலும் பெரிய பெரிய மிருகங்களை வேட்டையாடுகிற விளையாட்டு அது. காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டால் பேசிக்கொண்டே ஆடலாம்.

"போன்ல கூப்பிட்டா 'நல்லாருக்கேன் வாப்பா, இந்தா உம்மாட்ட குடுக்குறேன்'னு போயிருவான் காக்கா. அதுக்கு மேல ஒரு வார்த்த வராது" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். "இதுல மட்டும் பேசுவான். எதுக்க அடிக்கிறதுக்கு ஒரு மிருகம் நிக்கணும். அப்ப எல்லாத்தையும் சொல்லுவான்."

பள்ளிக்கூடத்தில் யார் அடித்தது, உம்மாவுக்கு முட்டி வலி என்பதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது, கணக்கில் பெயிலானது எல்லாம் அவருக்கு வேட்டைக்கு நடுவில்தான் தெரியவந்தது. பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது விமானம் ஏறியவர். நடுவில் லீவுக்கு வந்ததெல்லாம் விருந்தாளி மாதிரிதான். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அவர் வாப்பாவாக இருந்த நேரம்.

அந்த விளையாட்டுக்கு ஒரு டிஎல்சி வந்தது. புதிதாக ஒரு தீவு. அஸ்லமின் கூட்டாளிகள் எல்லாரும் வாங்கப் போகிறார்கள் என்றும், அவனும் அவர்களோடு அந்தப் பக்கம் போய்விடுவான் என்றும் சதக் பதறிக்கொண்டு வந்தார். இருவருக்கும் சேர்த்து இரண்டு கார்டு கேட்டார். மிக்கேல் அண்ணன் உள்ளங்கையை வைத்துக் கேட்டார். "டிஸ்க் எந்த ஊரு?"

"துபாய்தான்ணே. நாந்தான போன தடவ கொண்டுபோனேன்."

கொண்டுபோனது மெஷின். டிஸ்க்கை அவர் மச்சான் மலேசியாவிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார். சதக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தபோது முகம் செத்திருந்தது. "அண்ணே, எனக்குத் தீவு வந்திருச்சு. கரையில படகுக்காரன் நிக்கிறான். அஸ்லமுக்கு எல்லாம் எறங்குச்சு, ஆனா படகுக்காரனக் காணோம். கர வெறுங்கரையாக் கெடக்குதாம்."

மிக்கேல் அண்ணன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டினார். சதக்கின் வீட்டுக்குப் போன் போடச் சொன்னார். சதக்கின் மனைவி டிஸ்க் பெட்டியைக் கையில் எடுத்து, அதன் முதுகில் பொடியாக அச்சடித்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் சில எழுத்திலேயே மிக்கேல் அண்ணன் போதும் என்று கையைக் காட்டினார். பிறகு கம்பெனிக்குப் போன் போட்டு வெகுநேரம் பேசினார். இறக்கியது இறக்கியதுதான், மாற்றித்தர வழியில்லை என்றார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுச் சதக்கைக் கூப்பிட்டார்.

"தீவுல ஒண்ணாச் சேந்து ஆடணும்னா ரெண்டு பேரு டிஸ்க்கும் ஒரே ஊரா இருக்கணும். அதுக்கு ரெண்டு வழி இருக்கு. இங்கன புது டிஸ்க் வாங்கி, ஊருக்குப் போறவுக யார்ட்டயாவது குடுத்து விடலாம். ஆனா அது பழைய ஆட்டத்தச் சேத்துக்கிடாது. பையன் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அவன் சேத்து வச்ச கத்தி, கவசம், பட்டம் எல்லாம் போயிரும்."

"இன்னொரு வழி?"

"நீங்க மலேசியா டிஸ்க்குக்கு மாறணும். போறது ஒங்களோடது."

"என்னுது போகட்டும்ணே" என்றார் சதக். மிக்கேல் அண்ணன் வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டார்.

மச்சானிடம் சொல்லி மலேசியாவிலிருந்து டிஸ்க் வந்து சேர்ந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சதக் மறுபடி வந்தார். தீவுக்கான மலேசியக் கார்டையும் எப்படியாவது தருவித்துக் கொடுங்கள் என்றார். எனக்கு அவசரம். அங்கே ஒரு ஆளைத் தெரியும், ஒரு போன் போட்டால் முடிந்தது என்று கை துருதுருத்தது. மிக்கேல் அண்ணன் விடவில்லை.

"தீவுக்குப் படகு ஏறணும்னா பெரிய வேட்டக்காரன்னு பட்டம் வேணும். நீங்க இப்பப் பொறந்த பிள்ள. முயலத்தான் அடிக்க முடியும். மேல வாங்க, அப்புறம் வாங்கிக்கலாம்."

அவர் போன பிறகு நான் எரிந்து விழுந்தேன். "வித்துட்டாத்தான் என்னண்ணே? ஆசையாக் கேக்குறாரு."

"வித்துரலாம்லே. பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு வாடக கட்டுவாரு. அது ஒனக்குச் சம்மதமா?"

அதன் பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் சதக் கடைக்கு வந்துவிடுவார். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, சொல்வதற்குத்தான் வருவார். அஸ்லம் தன்னுடைய பெரிய கத்தியையும் கவசத்தையும் மாட்டிக்கொண்டு, முயல் அடிக்கிற ஆரம்பச் சதுப்புக்கு இறங்கி வருகிறானாம். வாப்பாவுக்கு முன்னால் நடக்கிறானாம். "'பின்னால நில்லுங்க வாப்பா, நா பாத்துக்குறேன்'ங்குறான் காக்கா" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். என் முகம் அவருக்குத் தெரியக்கூடாது என்று அலமாரியை அடுக்கப் போய்விட்டேன்.

பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தது. சதக்கின் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. அவர் மெஷினைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ஏர்வாடிக்கே வந்துவிட்டார். கடையில் டிஸ்க் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். மிக்கேல் அண்ணன் பாம்பனுக்குத் திரும்பினார். அந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை என்று கேள்வி. கடைசியாக ஷட்டரை இறக்கிவிட்டு நானும் வந்து சேர்ந்தேன்.

நெட் கடையை மூடப் போகிறார்கள் என்ற செய்தி வந்த வாரத்தில் சதக் போன் போட்டார். "காக்கா, வெள்ளிக்கெழம வீட்டுக்கு வாங்க. ஒங்களால ஒரு காரியம் ஆகணும்." என்ன காரியம் என்று சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்காதே. ஜும்ஆ முடிந்த கையோடு பஸ் ஏறிவிட்டேன். தர்காவுக்கு வந்த கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, வெயிலில் நடந்து அவர் வீட்டை அடைந்தேன். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் விஷயத்துக்கே வரவில்லை. பிறகு உள்ளறைக்குக் கூட்டிப்போனார். டிவிக்குக் கீழே அந்தப் பழைய மெஷின். மேலே தூசு படியாமல் துணி போட்டு மூடியிருந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் நின்றுகொண்டேன்.

அஸ்லம் இப்போது தோஹாவில் வேலை பார்க்கிறான். போகும்போது தன்னுடைய மெஷினையும் எடுத்துப் போயிருக்கிறான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே அவன், இங்கே இவர். இடம் மாறியிருக்கிறார்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

"கடைய மூடப்போறாங்கல்ல காக்கா. அதுக்குள்ள அந்தத் தீவ வாங்கிருவோம் வாப்பான்னு நிக்கிறான்" என்றார் சதக்.

"ஒங்களுக்குப் பட்டம் வந்திருச்சா?"

"அது வந்து ரொம்ப நாளாச்சு. இன்னும் வரலன்னு நாந்தான் சமாளிச்சிக்கிட்டு இருந்தேன். இப்பக் கேட்டப்ப என்ன சொல்றதுன்னு தெரியல."

எனக்குப் புரியவில்லை. அந்தத் தீவுக்காக எவ்வளவு அலைந்த மனிதர்!

"ஏன் தம்பி? ஆசப்பட்டதுதான. வாங்கிர வேண்டியதுதான?"

சதக் ரிமோட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "தீவுக்குப் போகணும் போகணும்னுதான் அவன் இத்தன வருசம் என்னய இழுத்துக்கிட்டு அலையிறான். போயி எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டா, அப்புறம் அவன் எதுக்குக் காக்கா வருவான்? வேல செஞ்சு அலுத்த பிள்ள. வெள்ளிக்கெழம தூங்கத்தான் தோணும். மறுபடி போனை எடுத்து 'நல்லாருக்கேன், உம்மாட்ட குடுங்க'ன்னு ஆயிரும்." ஹெட்செட்டைக் கையில் எடுத்தார். "நீங்க கடைக்காரரு. அது காசுக்குப் பெறாதுன்னு நீங்க சொன்னாக் கேட்டுக்குவான். சொல்றீங்களா?"

ஹெட்செட்டை என் காதில் மாட்டிவிட்டார். திரையில் சதுப்பின் ஓரத்தில் இரண்டு வேட்டைக்காரர்கள் நின்றார்கள். ஒருவன் உயரமாக, உடம்பு முழுக்கக் கவசத்தோடு இருந்தான்.

"மாமா, அஸ்ஸலாமு அலைக்கும். நா அஸ்லம்."

"வ அலைக்கும் ஸலாம். எப்படி இருக்கப்பா?"

"நல்லாருக்கேன் மாமா. வாப்பா பக்கத்துல இருக்காங்களா? நா பேசுறது அவங்களுக்குக் கேக்குமா?"

"கேக்காது. என் காதுலதான் இருக்கு."

"அப்பன்னா ஒண்ணு சொல்றேன். வாப்பாட்ட சொல்லிறாதீங்க." குரலைத் தாழ்த்தினான். "தீவ நா அப்பவே வாங்கிட்டேன் மாமா. மலேசியா மாமாட்ட சொல்லி, ஸ்கூல் படிக்கும்போதே. கூட்டாளிகளோட போயி மொத்தத்தையும் பாத்துட்டேன். அங்கன ஒண்ணும் பெருசா இல்ல. இப்ப வாங்குவோம்னு கேட்டது வாப்பாவுக்காகத்தான். கடைய மூடிட்டா, அப்புறம் ஆசப்பட்டாலும் கெடைக்காதே, அதான். ஆனா மாமா..."

"சொல்லு."

"தீவையும் பாத்து முடிச்சிட்டாங்கன்னா, அப்புறம் வெள்ளிக்கெழம வாப்பா இந்த மெஷினைப் போடுவாங்களான்னு இருக்கு. வயசாயிருச்சு. சாப்பிட்டுப் படுத்துருவாங்க. இங்கன எனக்குப் பேசுறதுக்கு வேற ஆளு இல்ல மாமா. நீங்க சொல்லுங்க. வாங்கலாமா, வேணாமா?"

சதக் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் என்ன சொல்கிறான் என்று கண்ணால் கேட்டார். இத்தனை வருஷம் கல்லாவில் நின்று எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவன் நான். மிக்கேல் அண்ணனாக இருந்தால் உள்ளங்கையை எங்கே வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"வேணாம்பா" என்றேன். ஏர்வாடிக்கும் தோஹாவுக்கும் சேர்த்தே கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன். "அந்தத் தீவு காசுக்குப் பெறாது. வாங்காதீங்க."

காதில் அவன் மூச்சு விடுவது கேட்டது. பக்கத்தில் சதக்கும் அப்படித்தான் மூச்சு விட்டார். நான் ஹெட்செட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன்.

"கேட்டியாப்பா? கடைக்காரரே சொல்லிட்டாரு" என்று மகனிடம் சொன்னார். முகம் விடிந்திருந்தது. "விடு. நம்ம சதுப்புக்கே போவோம். ஆமா, ஏன் ஒனக்குத் தொண்ட கட்டியிருக்கு? ஏசிய நேரா மூஞ்சில வச்சிக்கிட்டுப் படுத்தியா?"

திரையில் உயரமானவன் சேற்றில் இறங்கி முன்னால் நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் நின்று, திரும்பி, வாப்பா வரும்வரை காத்திருந்தான். நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.